தாமதத்திற்கு வருந்துகிறோம்

பேருந்து நிலைய அறிவிப்பாளர் வீட்டுப் பூனை, கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம் டன் கனத்தது. பார்வைக்குச் சாதாரணப் பூனைதான். சாம்பல் நிறம், இடது காது நுனியில் ஒரு கிழிசல். தூக்கிப் பார்க்காதவர்கள் எல்லோரும் நாலு கிலோ தேறும் என்றார்கள். தூக்கிப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். "ஒரு பூனையைத் தூக்க முடியலன்னா என்னங்க அர்த்தம்" என்று சிரித்துக்கொண்டே குனிந்த கீழ்வீட்டுத் தையற்காரர், அப்புறம் ஒரு மாதம் குனியவே முடியாமல் வாடிக்கையாளர்களின் கால்சட்டை நீளத்தைக் கண்மதிப்பில் வெட்டினார். அந்த மாதம் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுபோனதற்கு அதுதான் காரணம், புது மோஸ்தர் எதுவும் இல்லை.

பூனை இப்படிக் கனத்ததற்கு யார் பொறுப்பு என்பதில் அறிவிப்பாளருக்குச் சந்தேகமே கிடையாது. அவள் கணவர்தான். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நல்ல வேலைக்காரர், அதை அவளும் மறுக்கமாட்டாள். மோட்டாரில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில், வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் ஆடுகிறது என்று காலுக்கு முட்டுக்கொடுக்கப் பழைய புத்தகக் கடையில் இருப்பதிலேயே தடிமனாகப் பார்த்து ஒரு புத்தகம் வாங்கிவந்தார். முட்டுக்கொடுக்கும் முன் சும்மா பிரித்துப் பார்த்தார். அது மூழ்கிப்போன கப்பல்களின் வரலாறு. ஊர் ஃபிரிட்ஜையெல்லாம் சரிசெய்கிற மனிதரின் வீட்டு ஃபிரிட்ஜ் அன்றிலிருந்து ஆடிக்கொண்டே இருந்தது. புத்தகம் ஒன்று நூறாயிற்று. எந்தக் கப்பல் எந்தப் பாறையில் மோதியது, எதில் எவ்வளவு செம்பு இருந்தது, எந்தக் கேப்டன் குடித்துவிட்டுப் படுத்திருந்தார் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. இத்தனைக்கும் மனிதர் கப்பல் ஏறியதில்லை. ஒரே ஒரு முறை ஏரியில் மிதிபடகு ஓட்டினார். கரையில் நின்றவர்கள் கையசைத்து முடிப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டார். ஆனாலும் தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது, அதில் அவருக்குப் பெருமை வேறு.

வாசிப்பதோடு நின்றிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். அவருக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். முதலில் மகள் கேட்டாள். பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் "அப்பா, ஒரு கப்பலாவது கரைக்கு வருமா" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான், பிறகு உட்காரவில்லை. மனைவியிடம் வந்தார். அவள் பகல் முழுவதும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வந்தது, எது எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவள். சொல்லி முடித்த அடுத்த நொடி யாராவது கண்ணாடியைத் தட்டி, அதே வண்டி வந்துவிட்டதா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வரும்போது அவளுக்குத் தொண்டையும் இருக்காது, காதும் இருக்காது. "எனக்குக் கதவைச் சாத்திட்டு உக்காரணும். உங்க கப்பலை நீங்களே கவுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் பூனை வந்தது. பழுதுபார்க்க வந்த ஒரு ஃபிரிட்ஜின் பின்பக்கம், மோட்டார் இருக்கும் பொந்துக்குள், கைக்குட்டை அளவுக் குட்டியாகச் சுருண்டு கிடந்தது. ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொடுத்தார், குட்டியைக் கொடுக்கவில்லை. ஏதோ ஒரு கப்பலின் பெயரை அதற்கு வைத்தார், அது வாயில் நுழையவில்லை. வந்த மூன்றாம் நாளே அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவளையே யார் நீ என்பதுபோலப் பார்த்ததால், அவள் அதைச் சீமாட்டி என்று கூப்பிட்டாள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சீமாட்டி கண்ணை இமைக்காமல் கேட்டது, அதுதான் வினை. முதல் மாலை அவர் வாசித்தது பளிங்குத் தூண்கள் ஏற்றி வந்து புயலில் மூழ்கிய கப்பலைப் பற்றி. மறுநாள் காலை விரிப்பை உதற அறிவிப்பாளர் பூனையைத் தள்ளிவிடப் பார்த்தாள். கை வழுக்கிற்றே தவிரப் பூனை அசைந்து கொடுக்கவில்லை. விரிப்பின் நாலு மூலையையும் பிடித்து இருவரும் இழுத்தார்கள். விரிப்பு கிழிந்தது. கப்பல்காரர் தரையில் உட்கார்ந்து, காகிதத்தில் கப்பலின் உடல் எடையையும் பளிங்கின் எடையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சரியா இருக்கு" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவரோ அன்று மாலையும் ஒரு கப்பல் வாசித்தார். வாசிக்காவிட்டால் பூனை ஏங்கிப்போய்விடுமாம்.

அந்தக் கனத்துக்கு ஒரு முறை இருந்தது, போகப்போக வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பூனை தானாக நடந்தால் பஞ்சு. அலமாரி மேல் ஏறும், ஜன்னல் கம்பியில் நடக்கும், ஒரு தம்ளர்கூடக் கவிழாது. தரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழ்வீட்டில் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் அது உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதற்கு அடியில் அகப்பட்டது எதுவானாலும், சீமாட்டிக்குத் தானாக மனம் வந்து எழுந்திருக்கும் வரை உலகத்தில் யாராலும் எடுக்க முடியாது. அறிவிப்பாளரின் சீருடைக் கோட்டின் மேல் உட்கார்ந்த நாளில் அவள் வீட்டு அங்கியோடு வேலைக்குப் போனாள். நல்லவேளை, ஒலிபெருக்கியில் உடுப்பு தெரியாது. மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் இடது கால் ஷூவின் மேல் உட்கார்ந்தது. அவர் ஒரு காலில் ஷூவும் மறு காலில் தையற்காரரின் செருப்புமாகப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு சனிக்கிழமை கப்பல்காரரின் மடியிலேயே படுத்துத் திங்கட்கிழமை வரை எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மனைவிதான் அவருக்கு ஊட்டிவிட்டாள். கரண்டியை வாய்க்குள் திணித்த வேகத்தில் அவர் முன்பல் ஒன்று ஆட்டம் கண்டது. அப்போதும் மனிதர், "புத்தகத்தைக் கொஞ்சம் எட்டிக் குடேன்" என்றுதான் கேட்டார்.

ஆண்டுகள் இப்படியே போயின. செம்பு, மிளகு, பீங்கான், குதிரைகள், ஒரு நாடக அரங்குக்கு வேண்டிய அத்தனை திரைச்சீலைகளும் நாற்காலிகளும், ஒரு நகரம் முழுவதற்கும் செய்து அனுப்பிய கோபுர மணிகள் என்று எல்லாம் பூனைக்குள் இறங்கின. கால்நடை மருத்துவர் ஒருமுறை வீட்டுக்கே வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இதயம் நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே தூரத்தில் எங்கோ மணி அடிக்கிறது என்றார். மருந்து எழுதவில்லை. அறிவிப்பாளர் அந்தக் கதைகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்று எல்லோரிடமும் சாதித்தாள். மகள் தொலைபேசியில் விசாரித்தால், "எனக்கு என்ன தெரியும், அவராச்சு அந்தச் சனியனாச்சு" என்பாள். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான் என்பதை மட்டும் அவள் சொல்வதில்லை.

பிறகு சீமாட்டிக்கு வயதாயிற்று. அலமாரி ஏறுவது நின்றது, ஜன்னல் நின்றது, கடைசியில் கப்பல்காரரின் வாசிப்பு நாற்காலிக்கு எதிரே இருந்த பச்சை மெத்தையோடு அதன் உலகம் முடிந்தது. முட்டியில் தேய்மானம் என்றார் மருத்துவர். தட்டு அதனிடம் போயிற்று, அது தட்டிடம் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் நோட்டீஸ் வந்தது. கட்டடம் பழசு, மாதக் கடைசியில் இடிக்கப்போகிறோம் என்றது நகராட்சி. சுவர் விரிசலுக்குப் பூனையின் எடை காரணமா என்று கேட்டதற்கு நகராட்சிப் பொறியாளர், பூனைக்கும் சிமெண்டுக்கும் சம்பந்தமில்லை, மழைத்தண்ணீர்தான் என்று தெளிவாகச் சொன்னார். அறிவிப்பாளருக்கு நோட்டீஸைப் பார்த்துத் துக்கம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே மாதம் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. மகள் வேறு ஊரில், தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். பேரன் நடக்கத் தொடங்கியிருந்தான். அந்த ஊருக்குப் போகும் வண்டியை அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் மூன்று வேளை அறிவித்திருக்கிறாள். எல்லோரையும் ஏற்றி அனுப்பியவள் தான் ஏறிப் போனது மொத்தமே நாலைந்து முறை. இனி ஏறினால் திரும்பி வர வேண்டியதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

கப்பல்காரர் அதில் மண்ணை அள்ளிப் போட்டார். "நீ போ. நான் இவளோட இருந்துக்கறேன்" என்றார்.

"எங்க இருப்பீங்க? இடிக்கப் போறாங்க."

"இவளை விட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"கப்பலோட முழுகுற கேப்டன்னு நெனப்பா உங்களுக்கு? ஃபிரிட்ஜ் மெக்கானிக்குங்க நீங்க."

அவர் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. மனிதர் கத்தினால் சமாளித்துவிடலாம், சும்மா இருந்தால் செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இடிக்கும் வண்டி வாசலுக்கு வந்து நின்றாலும் அந்தப் பச்சை மெத்தைக்குப் பக்கத்தில் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். தனியாகப் போய் மகள் வீட்டு வாசலில் இறங்குவதா, இவரோடு இங்கேயே கிடந்து சாவதா என்று ராத்திரி பகலாக அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுச் சாமான் மாற்றுகிறவர்கள் ஆறு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், பீரோ இருந்தால் சொல்லுங்கள் என்று போய்விட்டார்கள். கிரேன் ஓட்டுநர் ஒருவர் வந்து ஜன்னல் வழியாகச் சங்கிலி விட்டு மெத்தையோடு சேர்த்துக் கட்டினார். சங்கிலி அறுந்தது, சீமாட்டி கொட்டாவி விட்டது. ஓட்டுநர் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு மறுபடி வரவில்லை. அதற்கப்புறம் கப்பல்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. மூழ்கிய கப்பல்களை வாசித்துத்தானே எடை ஏறியது, கடலடியிலிருந்து தூக்கி எடுத்த கப்பல்களை வாசித்தால் இறங்கிவிடாதா? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவளும் முதல்முறையாக, "சரி, வாசிங்க" என்றாள். மூன்று மாலை வாசித்தார். மூன்று கப்பல். நாலாம் நாள் மெத்தையைத் தொட்டுப் பார்த்தால் முன்னைவிட இறுகிக் கிடக்கிறது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புத்தகத்தை எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பது மனிதரின் பழக்கம். கப்பல் மூழ்கினால்தானே தூக்க முடியும் என்று மூன்றையும் முதலில் ஒழுங்காக, அக்கறையாக மூழ்கடித்திருக்கிறார். தூக்குகிற பகுதி எப்போதும் கடைசி அத்தியாயத்தில்தான் வரும், அதற்குள் பூனை தூங்கிவிட்டிருக்கிறது.

"நடுவுலேருந்து வாசிச்சா என்ன?"

"நடுவுலேருந்தா?" என்றார் அவர். செருப்போடு படுக்கையில் ஏறச் சொன்னதுபோல முகம் போயிற்று.

கடைசி வாரத்தில் ஒரு பகல். கப்பல்காரர் இடிக்கும் நாளைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டு நகராட்சிக்குப் போயிருந்தார். அறிவிப்பாளர் தம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாளோடு அவள் வேலை முடிந்திருந்தது. ஒரு பூமாலை, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பச்சை மெத்தையின் பக்கம் திரும்பியதும் அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ, பூனைக்கு எதிரே சப்பென்று உட்கார்ந்து ஒரு பாட்டம் தீர்த்துவிட்டாள். கிழிந்த விரிப்பு, சீருடைக் கோட்டு, மாப்பிள்ளையின் ஷூ, பாழாய்ப்போன கப்பல்கள், கடைசியாக இந்த மனுஷன். "உனக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லு" என்றாள். சீமாட்டி அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்கு எங்கேயோ பார்த்த பார்வையாக இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே மூட்டையோடு நின்று, வரவேண்டிய வண்டி இன்னும் வரவில்லையே என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அதே பார்வை. அந்தப் பார்வைக்கு அவளிடம் இருந்தது ஒரே பதில். பழக்கதோஷம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, மகள் ஊர் வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தாள். கைக்கு அடியில் மெத்தையின் ஓரம் ஒரு நூல் அளவுக்கு நெகிழ்ந்தது.

முப்பது வருடம் தாமதக் கணக்குப் பார்த்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பொறியாளர் தேவையில்லை. ஒரு பேருந்து பத்து டன்கூட வராது. எத்தனை பேருந்தை அறிவித்து இந்தப் பூனையை எழுப்புவது? வரவேண்டியது பேருந்து இல்லை. அவள் முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலையில் இருப்பதுபோலவே சொன்னாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தெற்குத் துறைமுகத்திலிருந்து பளிங்குத் தூண்களுடன் புறப்பட்ட பாய்மரக் கப்பல், ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் தாமதமாக, நான்காம் நடைமேடைக்கு வந்து சேர்ந்துள்ளது. தாமதத்திற்கு வருந்துகிறோம்." நான்காம் நடைமேடை கூரை ஒழுகுகிறது என்று பல வருடமாகப் பயன்படுத்தாமல் கிடந்தது, பேருந்துகளுக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது என்று பார்த்துத்தான் அதைக் கொடுத்தாள். மெத்தை சட்டென்று உப்பிற்று, யாரோ எழுந்துகொண்டதுபோல. அடுத்து மிளகுக் கப்பலைச் சொன்னாள். அடுத்து குதிரைகள். எந்தத் துறைமுகத்தில் புறப்பட்டது, எத்தனை பேர், என்ன சரக்கு, சமையல்காரனுக்கு ஒரு கண் தெரியாது என்பது வரை அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. கேட்டதே இல்லை என்று ஊரெல்லாம் சாதித்தவள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். அது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

எட்டாவது கப்பலின்போது தொலைபேசி அடித்தது. நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற பெண். "அக்கா, நாலாவது பிளாட்பாரத்துல ஒரே தண்ணி. மழையும் இல்ல, குழாயும் உடையல. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்புக் கரிக்குது."

"ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா. ஆனா எறங்கிப் போன மாதிரி ஈரக் கால்தடம், வாசல் வரைக்கும் போகுது. குதிரைக் குளம்பு மாதிரி வேற தெரியுது. நான் இப்ப என்ன பண்றது?"

"தொடைச்சு விடு. இன்னும் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தவணை கிடையாது என்ற பதிலோடு கப்பல்காரர் திரும்பி வந்து வாசலில் நின்றபோது மணிக் கப்பல் வந்துகொண்டிருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதுவும் பொறுக்காமல், "அது கிழக்கேயிருந்து வந்த கப்பல்" என்றார். அவள் இல்லாத ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "குறுக்க பேசாதீங்க. அறிவிப்பு நடக்குது" என்றாள். பிறகு திருத்திக் கிழக்கு என்றே சொன்னாள். அவர் தம்ளர்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு தம்ளர் உடைந்தது. "நீ கேட்டுட்டா இருந்த, இத்தனை வருஷமும்?" என்றார். "அது பலகைதானே, இரும்புச் சுவரா? காதுல விழுந்தா நான் என்ன பண்றது" என்றாள் அவள். கப்பல்காரர் மறைக்காமல் அழுதார். அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. "தம்ளர் மேலேருந்து எழுந்திரிச்சு அழுங்க" என்றாள்.

எல்லாக் கப்பலும் வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடித்தது. தொண்டை கட்டிப்போனபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தார். வரிசை தவறினால் எடுத்துக் கொடுத்தார், பல சமயம் தவறாமலே எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். நிலையத்தில் பெருக்குகிற பெண் இரண்டு தடவை துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தாள். கடைசி நாள் கடைசிக் கப்பலை அறிவித்து முடித்தபோது அவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. சீமாட்டி மெத்தையைவிட்டு நாலு விரற்கடை மேலே எழும்பி, கால்கள் தொங்க, கடுகடுவென்ற முகத்தோடு காற்றில் நின்றது. அறிவிப்பாளர் பாய்ந்து வாலைப் பிடித்தாள். "அடியில கொஞ்சம் சுமை வேணும். காலிக் கப்பல் நிக்காது" என்று கப்பல்காரர் புத்தகக் கட்டுகளை அவிழ்த்துப் போட்டுத் தேடினார். அவர் இத்தனை ஆண்டுகளாக வாசிக்கவே லாயக்கில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்று அகப்பட்டது. எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிய ஒரு சின்னப் படகு. ஆள் யாரும் சாகவில்லை, அரைப் பக்கம்தான். அதிலும் படகின் ஒரு மூலையில் தண்ணீர் ஏறத் தொடங்கும் வரியில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, பாதியில் நிறுத்தினார். சீமாட்டி மெதுவாக இறங்கி மெத்தையில் அமர்ந்தது. அறிவிப்பாளர் குனிந்து தூக்கிப் பார்த்தாள். நாலு கிலோ இருக்கும். இதற்குத்தானா இத்தனை பாடு என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு நன்றாகத் திட்டினாள்.

மறுநாள் காலை, புதிதாக வந்த அறிவிப்பாளர் பெண் கொஞ்சம் தடுமாறி அறிவித்த வண்டியில், மூவரும் ஏறிப் போனார்கள். பூனை கூடைக்குள், கூடை அவள் மடியில். கட்டடத்தைச் சொன்ன தேதிக்கு இடித்தார்கள்.

புது வீட்டில் வாழ்க்கை ஒரு முறைக்கு வந்தது. மாலையில் அவர் சீமாட்டிக்கு ஒரு கப்பல் வாசித்தார், இப்போது பேரனும் உட்கார்ந்து கேட்டான். காலையில் அவள் தேநீரோடு ஜன்னலோரம் நின்று அந்தக் கப்பல் வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தாள். "ரிட்டயர் ஆனவளை வேலை வாங்குறதுக்கு உங்களை மாதிரி யாரும் கிடையாது" என்று தினமும் ஒருமுறை சொல்வாள், தினமும் அறிவிப்பாள். அவள் விட்டுவந்த ஊரில் நான்காம் நடைமேடை தினமும் காலையில் நனைந்தது. கூரையையும் குழாயையும் சோதித்துப் பார்த்துக் களைத்த நிர்வாகம், "ஈரம், பார்த்து நடக்கவும்" என்று ஒரு பலகை வைத்ததோடு, கை துடைக்க நாலு துண்டும் மாட்டி வைத்தது. துண்டுகள் மறுநாள் ஈரமாக இருந்தன. எலுமிச்சைப் படகு மட்டும் மூழ்கவும் இல்லை, வந்து சேரவும் இல்லை. பூனை மிதக்கிற மாதிரித் தெரிந்தால் அவர் அந்த அரைப் பக்கத்தை எடுத்துத் தண்ணீர் ஏறும் வரி வரை வாசிப்பார், அது இறங்கும். மருத்துவர்கள் நம்ப மறுக்கிற வயதுவரை சீமாட்டி அப்படியே இருந்தது. முட்டி போய், பார்வை போய், கடைசியில் பசியும் போயிற்று. எழுந்து போகத் துடித்துக்கொண்டே இருந்தது, அந்த அரைப் பக்கம் பிடித்து வைத்திருந்தது. இருவருக்கும் அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒரு காலை கப்பல்காரர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "அந்தப் படகையும் வரச் சொல்லிடு" என்றார்.

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். இரண்டு முறை தொடங்கி நிறுத்தினாள், மூன்றாவது முறை முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஆற்றின் மறுகரையிலிருந்து எலுமிச்சம்பழங்களுடன் புறப்பட்ட படகு சரியான நேரத்தில் நான்காம் நடைமேடைக்கு வந்து சேர்ந்துள்ளது என்றாள். சீமாட்டி மெத்தையிலிருந்து எழும்பிற்று, ஜன்னல் உயரத்துக்கு வந்தது, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், அதுதானே அதன் குணம், எதிர்வீட்டு மாடியைத் தாண்டி மேலே போய்விட்டது. அவர்கள் கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தொலைபேசி அடித்தது.

"அக்கா, இன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றாள் நிலையத்தில் பெருக்குகிற பெண். "பிளாட்பாரம் முழுக்க எலுமிச்சம்பழம். கால் வைக்க இடமில்ல. இதையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

"டீக்கடைக்காரருகிட்டக் குடு" என்றாள் அவள்.

கொடுத்தாள். அந்தக் கடையில் இரண்டு வாரம் எலுமிச்சைத் தேநீர்தான் ஓடிற்று, பால் கேட்டவர்கள் சலித்துக்கொண்டே அதைக் குடித்தார்கள்.